ஊர்க்குரல்: விளையாட்டு வருணனைக் கலை பற்றிய ஓர் ஆய்வு

திறனாய்வு என்றவுடன் கவிதை, நாடகம், புதினம், சிறுகதை ஆகியவற்றையே எண்ணுவது வழக்கமாகிவிட்டது. வாயினால் பேசப்பட்டு, அக்கணமே காற்றோடு கலந்துவிடும் உரைநடைக்குத் திறனாய்வில் இடமுண்டா என்னும் வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. ஆயினும், இற்றைநாள் மாணவர் பலர் பாடநூலில் படிக்கும் உரைநடையைவிட, காற்பந்துத் திடலிலிருந்தும் கிரிக்கெட் ஆடுகளத்திலிருந்தும் வரும் வருணனையாகக் கேட்கும் உரைநடையே மிகுதி. மாணவர் செவியில் நாள்தோறும் விழும் மொழியை ஆசிரியர் ஆராயாது விடுதல் பொருந்துமா? பொருந்தாது. நேர்முக வருணனையும் ஒரு சொற்கலையே. அதற்கும் இலக்கணம் உண்டு; அழகும் குற்றமும் உண்டு; அதிலும் பெரும்புலமை பெற்றோர் உண்டு.

இக்கலையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, ஓர் ஊரின் குரலாகவே வளர்ந்தவர்களை ஆராய அமெரிக்க நாடு ஏற்ற களமாகும். அங்கே ஒவ்வொரு பெருநகருக்கும் ஒரு குழு. குழுவுக்கு ஒரு வானொலி, ஒரு தொலைக்காட்சி. அவற்றுக்கென ஊரறிந்த ஒரு வருணனையாளர். அவர்களுள் ரெட் பார்பர், வின் ஸ்கல்லி, ஹைமே ஹரீன் ஆகிய மூவரின் பணியை ஒப்பிட்டு நோக்கினால் இக்கலையின் இயல்பு தெளிவாகும்.

இருவகைக் கூற்று

முதற்கண், தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இக்கலை புதியதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். கலிங்கத்துப் பரணியில், போர் நிகழ்ந்த களத்திலிருந்து வந்த பேய் ஒன்று, அங்கில்லாத காளிக்குப் போரை எடுத்துரைக்கின்றது. கேட்பவள் களத்தைக் காணவில்லை. ஆதலால் யானையும் குதிரையும் வில்லும் வேலும் சொல்லாலேயே படைக்கப்பட வேண்டும். முல்லைக்கலியிலோ ஏறு தழுவும் களத்தைத் தோழி தலைவிக்குச் சுட்டிக் காட்டிப் பேசுகின்றாள். இங்கே கேட்பவளும் களத்தைக் கண்டுகொண்டே இருக்கின்றாள். காண்பவளுக்கு மேலும் என்ன சொல்வது? எதைக் கவனித்தல் வேண்டும், எவன் எத்தகையவன், அவன் செயலின் பொருள் யாது என்பதையே சொல்ல வேண்டும்.

பேய் காளிக்குச் சொன்னது வானொலி முறை. தோழி தலைவிக்குச் சொன்னது தொலைக்காட்சி முறை. முன்னதில் சொல் காட்சியைப் படைக்கின்றது. பின்னதில் காட்சி ஏற்கெனவே உள்ளது; சொல் அதற்குத் துணையாக நிற்கின்றது. இவ்வேறுபாட்டை உணராத வருணனையாளன் வானொலியில் ஊமையாகவும் தொலைக்காட்சியில் வாயாடியாகவும் ஆகிவிடுகின்றான்.

பார்பரின் முறை

அமெரிக்காவின் தேசிய ஆட்டம் போன்றது பேஸ்பால். ஒருவன் சிறு மேட்டின்மேல் நின்று பந்தை எறிய, மற்றொருவன் மட்டையால் அடித்து, நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வருவது அவ்வாட்டம். ஓர் எறிவுக்கும் மறு எறிவுக்கும் இடையில் ஓய்வு மிகுதியாகையால், பேசத் தெரிந்தவனுக்கு அது பெருவாய்ப்பு. பேசத் தெரியாதவனுக்குப் பெருந்துன்பம்.

தென்மாநிலமாகிய மிசிசிப்பியில் 1908இல் பிறந்த ரெட் பார்பர், 1934இல் சின்சினாட்டிக் குழுவின் ஆட்டங்களை வருணிக்கத் தொடங்கி, 1939இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு உரிய டாட்ஜர்ஸ் குழுவுக்கு வந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், பெருங்குழுக்களின் பேஸ்பால் ஆட்டம் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது அதனை வருணித்தவரும் அவரே. நியூயார்க்கில் தொலைக்காட்சிப் பெட்டிகள் சில நூறே இருந்த காலம் அது. படக்கருவிகள் இரண்டே. எக்கருவியின் படம் திரையில் தோன்றுகின்றது என்பதை அறிய அவர்முன் ஒரு திரையும் இல்லை. காண்பவன் காண்பது இன்னதென்று அறியாமலே காண்பவனிடம் பேச வேண்டிய நிலை. தொலைக்காட்சி வருணனையின் அடிப்படை இடர் அதன் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

பார்பர் தம் மேசைமீது மூன்று நிமிட மணற்கடிகை ஒன்றை வைத்திருந்தார். மணல் இறங்கி முடியுந்தோறும் ஆட்டத்தின் நிலையை, யார் எத்தனை என்பதை, மீண்டும் சொல்வார். இங்கே ஆசிரியர்கள் ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. நூலுக்கு அது குற்றமே. ஏனெனில் படிப்பவன் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வானொலியைக் கேட்பவனுக்கு முன்பக்கம் இல்லை. அடுக்களையிலிருந்து இப்பொழுதுதான் வந்து அமர்ந்தவளுக்கும், வண்டியில் ஏறி வானொலியைத் திருப்பியவனுக்கும் சொன்னதையே சொல்லுதல் கடமையாகின்றது. எழுத்துமொழியின் குற்றம் பேச்சுமொழியின் அழகாக மாறும் இடம் இது.

மௌனமும் மொழியே

பார்பர் உருவாக்கிய மாணவர் வின் ஸ்கல்லி. 1927இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் வீட்டிலிருந்த பெரிய வானொலிப் பெட்டியின் கால்களுக்கிடையே புகுந்து படுத்து, கூட்டத்தின் ஆரவாரம் தம்மீது பொழிவதைக் கேட்டு மகிழ்ந்தவர். எட்டு வயதில் பள்ளிக் கட்டுரையிலேயே விளையாட்டு அறிவிப்பாளராக வேண்டும் என்று எழுதியவர். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி இது.

அவ்வாரவாரத்தின் மீது கொண்ட காதலே பிற்காலத்தில் அவருடைய கலையின் உயிர்நிலை ஆயிற்று. 1965 செப்டம்பர் 9ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சாண்டி கோஃபாக்ஸ் என்னும் எறிவாளர் சிக்காகோ அணியினர் ஒருவரையும் தளத்தில் கால்வைக்க விடாது வென்றார். அவ்வாட்டத்தின் இறுதிப் பகுதியை ஸ்கல்லி வானொலியில் வருணித்த முறை இன்றளவும் போற்றப்படுகின்றது. மேட்டில் நிற்பவனின் தனிமையையும், அவன் நெற்றியைத் துடைப்பதையும், தொப்பியைத் தொடுவதையும் சொன்னார். மணியையும் இடையிடையே சொன்னார். வெற்றி கிட்டியபோது இரவு 9.46 என்று குறித்தார். கேட்பவனுக்குக் கண் இல்லை. ஆதலின் கண்ணாக நின்றார். வெற்றி கிட்டியதும் வாய் மூடிக் கூட்டத்தின் முழக்கத்தையே பேசவிட்டார்.

1988 அக்டோபர் 15ஆம் நாள், உலகத் தொடரின் முதல் ஆட்டம் தொலைக்காட்சியில். கால்களில் காயமுற்று நடக்கவும் இடர்ப்பட்ட கிர்க் கிப்சன் இறுதி நேரத்தில் மட்டையேந்தி வந்து, பந்தை எல்லைக்கப்பால் அடித்து வெற்றி தேடித்தந்தார். ஸ்கல்லி ஒரு தொடரில் நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. நொண்டியவாறே தளங்களைச் சுற்றி வரும் வீரனையும் துள்ளும் கூட்டத்தையும் மக்கள் தாமே கண்டனர். பேசுவதற்காக ஊதியம் பெறுபவன் பேசாதிருக்கத் துணிவது எளிய செயலன்று.

எனினும், மௌனம் மட்டும் கலையாகிவிடாது; மௌனத்தைக் கலைக்கும் சொல் அதற்குத் தகுதியுடையதாய் இருத்தல் வேண்டும். 1974 ஏப்ரல் 8ஆம் நாள், அட்லாண்டா நகரில் ஹாங்க் ஆரன் தம் 715ஆவது எல்லையடியை அடித்து, பேப் ரூத் நிறுத்திச் சென்ற 714 என்னும் எல்லையைக் கடந்தார். ஆரன் கறுப்பினத்தவர், வெள்ளைய வீரரின் பெருமையைக் கடக்க முனைந்ததற்காகக் கொலை மிரட்டல் கடிதங்கள் பெற்றவர். ஸ்கல்லி நெடுநேரம் கூட்டத்தின் ஒலியையே ஒலிக்கவிட்டார். பின்பு பேசியபோது பந்து விழுந்த தூரத்தைப் பேசவில்லை. நிறவெறி வேரோடிய தென்னாட்டு மண்ணில், ஒரு கறுப்பின மனிதருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டும் காட்சியின் பொருளையே எடுத்துரைத்தார். தோழியின் கூற்று என முன்னர்க் கூறப்பட்டது இதுவே. கண்ணுக்குத் தெரிந்ததை விட்டு, கருத்துக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லுதல்.

ஏணியும் வேரும்

இனி, இத்தொழிலில் ஒருவன் வளரும் வழியைக் காணலாம். அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரக் கணக்குக்காக நாடு 210 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. விளையாட்டுச் செய்தியாளனாக விரும்பும் இளைஞன் பெரும்பாலும் சிறு வட்டாரம் ஒன்றிலேயே தொடங்குகின்றான். பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்திற்குப் படக்கருவியைத் தானே தோளில் சுமந்து சென்று, தானே படமெடுத்து, தானே வெட்டி ஒட்டி, தானே எழுதி, மாலைச் செய்தியின் இறுதியில் கிடைக்கும் சில நிமிடங்களில் தானே படிக்கின்றான். பின்பு தன் பணியின் சிறந்த பகுதிகளைத் தொகுத்துப் பெரிய வட்டாரத்துக்கு அனுப்பி, அங்கே இடம் கிடைத்தால் பெயர்ந்து செல்கின்றான். இஃது ஏணிமுறை. ஓர் ஊரின் வீதிப் பெயர்களைக் கற்றுக்கொள்வதற்குள் அவன் மற்றோர் ஊருக்குப் போய்விடுவதே இதன் குறை.

ஸ்கல்லியும் எளிய படியிலிருந்தே தொடங்கினார். ஃபோர்டாம் பல்கலைக்கழக வானொலியில் பயின்று, ஏறத்தாழ நூற்றைம்பது நிலையங்களுக்கு விண்ணப்பம் எழுதி, வாஷிங்டன் நிலையம் ஒன்றில் மட்டும் தற்காலிக வேலை பெற்றார். 1949 நவம்பரில் பாஸ்டன் நகரில் ஓர் ஆட்டத்தை வருணிக்க பார்பர் அவரை அனுப்பியபோது, உள்ளே இடம் இருக்கும் என்றெண்ணிக் குளிராடையை விடுதியிலேயே விட்டுச் சென்றார். கிடைத்ததோ கூரையின்மேல் ஓரிடம். குளிரில் நடுங்கியவாறே ஆட்டம் முழுவதையும் வருணித்தார். அத்துன்பத்தை ஒலிபரப்பிலும் சொல்லவில்லை, பின்னரும் முறையிடவில்லை. பிறர் வாயிலாக அதனை அறிந்த பார்பர், அடுத்த ஆண்டு அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். கேட்பவனுக்கு வேண்டியது ஆட்டம். வருணனையாளனின் இடர்ப்பாடு அன்று. இத்தன்னடக்கமே ஸ்கல்லியின் முதற்படி.

ஆனால், படியேறிய பின் அவர் ஏணியை விட்டு வேரூன்றினார். 1950 முதல் 2016 வரை 67 ஆண்டுப் பருவங்கள் ஒரே குழுவுடன் நின்றார். 1958இல் குழு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தபோது, ஆட்டங்கள் முதலில் ஏறத்தாழ 90,000 பேர் அமரக்கூடிய பேரரங்கில் நடந்தன. தொலைவில் அமர்ந்தோருக்கு வீரர் எறும்பெனத் தெரிந்தனர். ஆதலின் மக்கள் கையடக்க வானொலியுடன் வந்து, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தையே ஸ்கல்லியின் குரலில் கேட்டு அறிந்தனர். 1960இல் ஒருநாள், நடுவர் ஒருவரின் பிறந்தநாள் இன்று, அனைவரும் சேர்ந்து வாழ்த்துவோம் என்று அவர் வானொலியில் எண்ணிச் சொல்ல, அரங்கமே ஒருமித்து வாழ்த்தொலி எழுப்பியது. ஒரு குரல் ஓர் ஊரைச் சேர்த்துக் கட்டிய நிகழ்ச்சி அது.

நானூற்றுப் பதின்மூவர்

ஊர்க்குரலாய் இருப்பதில் ஓர் இடர் உண்டு. வருணனையாளனுக்கு ஊதியம் தருவது பெரும்பாலும் குழு, அல்லது குழுவுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம். அவ்வாறாயின் அவன் உரைஞனா, விளம்பரக்காரனா? தம் குழுவை ‘நாங்கள்’ என்று சொல்லலாகாது, ஒரு பக்கம் சார்ந்து கூவலாகாது என்பது பார்பர் ஸ்கல்லிக்குக் கற்பித்த முதற்பாடம். அதனைத் தம் வாழ்விலும் அவர் மெய்ப்பித்தார். டாட்ஜர்ஸ் குழு கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்க்கவிருப்பதை 1945இல் அறிந்தபோது, தென்னாட்டு வளர்ப்பினரான அவர் வேலையை விட்டுவிடவும் எண்ணினார். பின்னர்த் தம் கடமை பந்தைப் பற்றிச் சொல்வதே என்று தெளிந்து, 1947இல் ஆடவந்த ஜாக்கி ராபின்சனைப் பிற ஆட்டக்காரரைப் போலவே நடுநிலையில் வருணித்தார்.

பிற்காலத்தில் அவர் யாங்கீஸ் குழுவில் பணியாற்றினார். 1966 செப்டம்பர் 22ஆம் நாள், 60,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அக்குழுவின் அரங்கில் 413 பேரே இருந்தனர். வெறுமையான இருக்கைகளைக் காட்டுமாறு தொலைக்காட்சி இயக்குநரைப் பார்பர் வேண்டினார். அவர் மறுத்தார். காட்சி மறுக்கப்பட்டதும் பார்பர் சொல்லால் காட்டினார். இன்றைய செய்தி ஆட்டமன்று, இக்கூட்டமே என்று கூறினார். சில நாட்களில் அவருடைய பணி நீட்டிக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சி மறைத்ததைச் சொல் வெளிப்படுத்தியது. அதற்கு அவர் தம் வேலையையே விலையாகக் கொடுத்தார். காட்சி இருக்கும்போது சொல் எதற்கு என்பார்க்கு இந்நிகழ்ச்சி தக்க விடையாகும்.

கடன்மொழியும் தன்மொழியும்

மூவருள் தமிழர் பெரிதும் கருதத்தக்கவர் ஹைமே ஹரீன். ஈக்வடார் நாட்டில் 1935இல் பிறந்து, 1955இல் அமெரிக்கா சென்றவர். அங்குச் செல்லுமுன் பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டதே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த ஸ்பானிய மொழியினருக்காக அவருடைய வானொலி நிலையம் ஆட்டங்களை ஒலிபரப்ப முனைந்தபோது, கற்றுக்கொள்ள ஓராண்டு தவணை கேட்டார். 1959இல் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானியக் குழுவினர் அனுப்பப்படவில்லை. நிலையத்தில் அமர்ந்து ஆங்கில வருணனையைச் செவியில் கேட்டுக்கொண்டே, அதனைத் தம் மொழியில் களத்திலிருந்து சொல்வதுபோல் மீண்டும் படைத்தனர்.

பிறமொழியைக் கேட்டு மொழிபெயர்க்கும் நிலையில் தொடங்கிய அவர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. பின்னர்க் குழுவுடன் பயணம் செய்து, தம் கண்ணால் கண்டு, தம் மொழியின் ஓட்டத்தில் பேசினார். 1981இல் மெக்சிக்கோவிலிருந்து வந்த இளம் எறிவாளர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா ஊரையே மயக்கியபோது, ஆங்கிலம் அறியாத அவருக்கும் செய்தியாளருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றவரும் ஹரீனே. முன்பு மொழிபெயர்த்துப் பெற்றவர், அன்று பெருமொழியினருக்கு மொழிபெயர்த்து வழங்கும் நிலைக்கு உயர்ந்தார். குழுவின் அரங்கு 1962இல் எழுந்த சாவேஸ் பள்ளத்தாக்கில் முன்னர் மெக்சிக்கக் குடும்பங்கள் பல வாழ்ந்து வெளியேற்றப்பட்டன. அவ்வடு ஆறாத மக்களிடையே நின்று அவர் பேசினார் என்பதையும் கருதினால், அவர் பெற்ற நம்பிக்கையின் அருமை விளங்கும். 64 பருவங்கள் பணியாற்றி 2022இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்கல்லி மறைந்தார்.

குறைகளும் கூறத்தக்கன

திறனாய்வு புகழுரையாக முடிதலாகாது. ஸ்கல்லியின் வருணனையில் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் இடையிடையே தோன்றியதை மறுக்க முடியாது. வீரரின் ஊர், பாட்டனார், பழங்கதை என விரியும் அவர் உரை, ஓய்வு மிகுந்த பேஸ்பாலுக்குப் பொருந்தியது. இடைவிடாது ஓடும் காற்பந்துக்கு அதனை அப்படியே கொணர்தல் பொருந்தாது. அவரைப் போலச் செய்ய முயன்றவர் கதையைக் கற்றனரேயன்றி, பந்து எறியப்படும் கணத்தில் கதையைப் பாதியில் நிறுத்தி மீண்டும் தொடரும் திறனைக் கற்கவில்லை.

மற்றுமொன்று. 2014இல் டாட்ஜர்ஸ் ஆட்டங்கள் கட்டணத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றுக்குச் சென்றன. நிறுவனங்களுக்கிடையே கட்டண உடன்பாடு எட்டாமையால், அவ்வூரின் பெரும்பகுதி வீடுகளில் ஸ்கல்லியின் இறுதி ஆண்டுகளைத் தொலைக்காட்சியில் காண இயலவில்லை. 2016இல் அவருடைய கடைசி ஆட்டங்கள் சில மட்டும் பொது அலைவரிசையில் காட்டப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓர் ஊர் வளர்த்த குரல், அவ்வூரார் பலருக்கே எட்டாமற் போயிற்று. கலைஞனின் உண்மை மட்டும் போதாது. கலை மக்களைச் சேரும் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும்.

தமிழுக்குக் கிடைக்கும் பாடம்

தமிழிலும் இக்கலை வளராமல் இல்லை. சென்னை வானொலியில் கிரிக்கெட் ஆட்டங்களைத் தமிழில் வருணித்த அப்துல் ஜப்பார் (மறைவு 2020) போன்றோர் கேட்பவனின் கண்ணாக நின்று நல்ல தமிழ் பேசினர். 2017 இறுதியில் தமிழுக்கெனத் தனி விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கப்பட்டது. வாயில் அகன்றது, வரவேற்கத்தக்கதே. ஆயினும், காண்பவன் கண்ட பந்தையே மூவர் ஒரே நேரத்தில் கூவிச் சொல்வதும், திரைப்பட வசனத்தை இடையிடையே செருகுவதும், ஒரு கணமேனும் கூட்டத்தின் ஒலியைக் கேட்கவிடாமையும் அத்தொலைக்காட்சித் தமிழில் மிகுந்து காணப்படுகின்றன. நகைச்சுவை வேண்டாமென்பதன்று, பேச்சுநடையும் வேண்டியதே. தோழி தலைவியிடம் பேசுமளவு பொருளோடு பேசுதல் வேண்டும் என்பதே கருத்து. ஆட்டத்துக்குரிய கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதும் பெருங்குறையன்று. ஹரீனும் கடன்மொழியில் கேட்டே தொடங்கினார். அந்நிலையிலேயே தங்கிவிடுதலே குறை.

இதற்கு ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பள்ளிகளில் பேச்சுப்போட்டி என்பது பெரும்பாலும் மனப்பாடப் போட்டியாகவே நடைபெறுகின்றது. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் மாணவன், கண்முன் நிகழ்வதைச் சொல்லப் பழகுவதில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியின் முன் மாணவன் ஒருவனை அமர்த்தி, ஓட்டப் பந்தயத்தைத் தமிழில் சொல்லச் செய்யலாம். முதலில் திடலுக்கு முதுகு காட்டி அமர்ந்த மாணவருக்கு அவன் சொல்லட்டும். அவர்கள் கேட்டதைக் கொண்டு யார் முந்தினார் என்று கூறட்டும். பின்பு, திடலைக் காணும் மாணவருக்குச் சொல்லட்டும். அப்பொழுது எவ்வளவு சொற்கள் வேண்டாதனவாயின என்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகிய அழகுகளை நன்னூற் பாடமாகக் கேட்பதைவிட, இப்பயிற்சியில் அவன் விரைவில் உணர்வான்.

காணாதவனுக்குக் கண்ணாகவும், காண்பவனுக்குக் கருத்தாகவும், மறைக்கப்படும் உண்மைக்கு வாயாகவும் நிற்பவனே ஊர்க்குரல் ஆவான். குரல்வளம் பிறவியில் வரலாம். ஏனைய மூன்றும் பயிற்சியால் வருவன. பயிற்சி தருவது பள்ளியின் பணி.